மிளகாய்க் கல்லில் ஆசீர்வாதம் அண்ணன்

செய்தி வந்தபோது நான் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழு மினுங்கியது. யாருக்காவது பிறந்தநாள் என்றால் மட்டும் கண்விழிக்கும் குழு அது. ஆசீர்வாதம் அண்ணனின் படம், சுற்றிலும் பூக்கள். கவுண்டர் இருப்பது தரைக்குக் கீழே என்பதால் சிக்னல் கிடைக்காமல் படம் பாதியில் மங்கலாக நின்றது. வரிசையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அவசரமாக, "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அண்ணா, நூறு வருசம் நல்லா இருக்கோணும்" என்று எழுதி, ஒரு கேக் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அதைப் பார்த்து மணிலாவில் இருக்கும் மரிசெல் என்ற பெண்ணும் ஒரு கேக் வைத்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்னை நம்பி வைத்தாள். படம் தெளிந்து, கீழே "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்து தெரிந்தது. என்னோடு அங்கே வேலை பார்த்த மாலதி போனில் கத்தினாள்: "அக்கா, மொதல்ல அத அழிங்க!" அழித்தேன். மரிசெலும் அழித்தாள். அண்ணன் படத்துக்குக் கீழே, அழிக்கப்பட்ட செய்தி என்று இரண்டு வரிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எப்படி அழிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

தாராபுரத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய மனைவி கிரேஸ் அக்கா கேட்டார். சபையாரும் ஊர்க்காரர்களும், அவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்து ஆட்களும், எங்கள் பழைய டீமில் மிச்சமிருப்பவர்களும் கேட்கப்போகிறீர்கள். அவர் நல்லவர் என்று எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. அவர் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கு நான் செய்தது என்ன என்பதில் அதைவிடக் குழப்பம். "அதையும் எழுதுங்க" என்று கிரேஸ் அக்காவே சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அங்கே ஆலங்கட்டி மழையில் கூரை உடைந்தவர்களும், வெள்ளத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்களும் கொடுக்கும் க்ளெய்ம்களை நாங்கள் பதினான்கு பேர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவர்களோடு போனில் பேசுவோம், படங்களைச் சரிபார்ப்போம், இன்னின்ன காகிதம் வேண்டும் என்று கேட்போம். அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் நமக்கு வாசல் தெளிக்கும் நேரம். மதியச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆசீர்வாதம் அண்ணன் எங்கள் டீம் லீடர். அவருடைய அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கத்தில் மற்றவர்களுடைய வெங்காயக் காட்டில் வேலை செய்தவர்கள். அந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவர் அவர். போனில் யாராவது கண்டபடி திட்டி, எங்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தால், நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவார். "கூரை போனவங்க வானத்தத் திட்டறாங்க அம்மணி. வானம் போன எடுக்காதுங்கள்ள, அதுக்குப் பதிலா நாம உக்காந்திருக்கறோம்" என்பார். எனக்கு அப்போது இது பிடிக்காது. வானத்துக்கு விழ வேண்டிய திட்டுக்கு நான் எதற்கு உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த வேலை எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க அங்கிருந்து ஜூடித் என்ற அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் வயது. அதே வேலையில் தலை நரைத்தவர். ஆறு வாரம் எங்களோடு இருந்தார். பெரிய பதவியில் இருப்பதால்தான் கம்பெனி அவரை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை எங்காவது சுற்றிக்காட்டச் சொன்னார் மேனேஜர். எல்லோரும் ஊட்டி என்றார்கள். நான்தான் எங்கள் ஊர்ப்பக்கம் போகலாம் என்று குதித்தேன். ஆனைமலைக்கு அருகே எங்களுக்குத் தென்னந்தோப்பு. வீட்டில் சாப்பாடு, பிறகு மாசாணியம்மன் கோவில், திரும்பும் வழியில் இளநீர் என்று திட்டம் போட்டவள் நான்.

எங்கள் வீட்டில் அன்று பந்தி போட்டு எல்லோருக்கும் இலை. அம்மா நன்றாகத்தான் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் ஆசீர்வாதம் அண்ணன் தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்கள் இலை போட்டபடி கிடந்தது. அம்மா அவரை வேண்டாமென்று தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. ஜூடித் அதைப் பார்த்துவிட்டு, இதுதான் இங்கே முறை போலிருக்கிறது என்று தன் இலையையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். "ஐயோ, நீங்க வெய்யுங்க" என்று பதறிக்கொண்டு அம்மா ஓடியது ஜூடித்தின் பின்னால்தான். அண்ணன் இலையைப் போட்டு, கையைக் கழுவி, "சாப்பாடு அருமைங்கம்மா" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீம் லீடர், நான் அவருக்குக் கீழே வேலை செய்பவள். அந்த வீட்டுக்குள் அது தலைகீழாகிவிட்டது. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கோவிலில்தான் எங்கள் மடத்தனம் வெளிப்பட்டது. அநியாயம் நடந்தவர்கள் அங்கே வந்து மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். யார்மேல் குறையோ அவர் பெயரைச் சொல்லி அம்மனிடம் நியாயம் கேட்பார்கள். எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. ஜூடித் நின்று பார்த்தார். எதற்கு என்று கேட்டார். நான் பெருமையாக ஆங்கிலத்தில் விளக்கினேன்: பொருள் திருட்டுப் போனால், நிலத்தைப் பிடுங்கிக்கொண்டால், யாராவது ஏமாற்றினால். அவர் அரைப்பவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேலை போனால்?" என்று கேட்டார். ஊருக்குத் திரும்பியதும் அவருக்கு மேசை இல்லை என்பதை அந்த இடத்தில்தான் சொன்னார். எங்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய கடைசி வேலை. அந்த அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். வேலை யாருக்குப் போகிறதோ, அவர்களே அவரை இந்தக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்களும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஜூடித் தானும் அரைக்க வேண்டும் என்றார். அம்மிக்கு முன்னால் உட்கார வைத்தோம். குழவியை எப்படிப் பிடிப்பது என்று மாலதி காட்டினாள். அரைத்து முடித்துக் கையில் விழுதோடு நிமிர்ந்து, "யார் பெயரைச் சொல்வது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லி ஓடிவிட்டேன். மற்றவர்களும் ஒவ்வொரு பக்கமாக நழுவினார்கள். சர்ச்சுக்குப் போகிற ஆசீர்வாதம் அண்ணன் ஒருவர்தான் அந்த அம்மாள் பக்கத்தில் நின்றார். திரும்பி வந்தபோது ஜூடித்தின் கண் சிவந்திருந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டாராம். அங்கே என்ன நடந்தது என்று நான் அண்ணனிடம் கேட்கவே இல்லை.

மறுநாள் ஜூடித்தின் விரல்கள் வெந்துபோயிருந்தன. டைப் அடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல அண்ணன் ஒரு நீல நோட்டில் கையால் எழுதினார். கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாததெல்லாம் அதில் வந்தது. விவசாயிகள் சேதத்தை எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள், இரண்டாம் முறை கேள். நாயைப் பற்றி ஒருவர் இரண்டு தடவை பேசினால் நாய் காணாமல் போயிருக்கிறது, அதை விசாரி. எல்லாவற்றுக்கும் முன்னால், பாலிசி எண்ணைக் கேட்பதற்கும் முன்னால், இன்றைக்கு எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேள். மிளகாய் அரைத்த கையோடு அந்த அம்மாள் எங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. ஏன் ஒளிக்கவில்லை என்பது எனக்கு விளங்கியதே இல்லை. நானாக இருந்தால் பாதியை முழுங்கியிருப்பேன்.

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஏனென்றால் எட்டு வருடம் கழித்து நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன். எங்கள் வேலை மணிலாவுக்குப் போகிறது என்று ஒரு மெயில் வந்தது. கற்றுக்கொள்ள மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவிதான் மரிசெல். எனக்கு அப்போது மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கணபதிப் பகுதியில் கணவர் வைத்திருந்த லேத் பட்டறை மூடிக் கிடந்தது. வீடு என் ஒருத்தி வேலையில் ஓடியது. நாங்கள் கேன்டீனில் கூடிப் பேசினோம். கம்பெனிக் கையேட்டை மட்டும் கற்றுக்கொடுப்பது, நீல நோட்டைக் கண்ணில் காட்டக் கூடாது. அவர்கள் தடுமாறுவார்கள், வேலை கொஞ்ச காலமாவது நம்மிடம் திரும்பி வரும். அண்ணன் டீயைக் குடித்துக்கொண்டு கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் மரிசெல் மேசையில் நீல நோட்டு திறந்து கிடந்தது. தமிழில் எழுதியிருந்த இடத்தையெல்லாம் அண்ணன் ஆங்கிலத்தில் மாற்றி ஓரத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்.

எல்லோர் முன்னாலும் நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏனுங்கண்ணா, எங்க சோத்துல மண்ணப் போடறதுக்கா உங்கள லீடரா வெச்சிருக்கறாங்க?"

"சோத்த எடுக்கறது இந்தப் புள்ள இல்லீங்க அம்மணி. எடுக்கறவன் வேற எங்கியோ உக்காந்திருக்கறான். அவன் மூஞ்சிய நானும் பாத்ததில்ல, நீங்களும் பாத்ததில்ல."

"அதுக்கு? நோட்டக் குடுத்துப்போடறதா?"

"நாளைக்குக் கூரை போன ஒரு கெழவி கூப்புடும். இந்தப் புள்ள என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சா, நட்டம் கம்பெனிக்காரனுக்கா? அந்தக் கெழவிக்குத்தானுங்க."

விறுவிறுவென்று என் மேசைக்குத் திரும்பினேன். கோபம் அடங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன்.

இனி வருவதுதான் நான் இத்தனை நாள் மறைத்தது. மிளகாய் அரைத்தேன். அரைத்து முடித்ததும் ஜூடித்துக்கு வந்த அதே சிக்கல் எனக்கும் வந்தது. யார் பெயர்? கம்பெனி என்றால் எந்தக் கம்பெனி? எங்களுக்குச் சம்பளம் போட்டது ஒன்று, வேலை கொடுத்தது ஒன்று, அதை வாங்கியிருந்தது இன்னொன்று. மெயிலில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் வருடத்துக்கு ஒன்றாக மாறியது. மரிசெல் பெயரைச் சொல்லலாம் என்றால், அவள் தன் கைக்குழந்தையின் போட்டோவை எனக்குக் காட்டியிருந்தாள். கையில் விழுது எரிகிறது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு வசதியாகப் பக்கத்தில் கிடைத்த பெயர் அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் இலையை எடுத்துக்கொண்டு எழுந்தவருடைய பெயர்.

இதெல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனாலும் லீவு போட்டுப் போனேன். வேலை போன அன்று கம்பெனி கேக் வெட்டியது. பதினான்கு பேரில் இரண்டு பேரை வேறு டீமில் வைத்துக்கொண்டார்கள், எதற்காக அந்த இரண்டு பேர் என்று யாருக்கும் தெரியாது. நோட்டைக் கொடுத்த அண்ணனை வைத்துக்கொள்ளவில்லை, நோட்டை ஒளிக்கச் சொன்ன என்னையும் வைத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அண்ணன் எங்கள் வாட்ஸப் குழுவில் மரிசெலைச் சேர்த்தார். "அந்தப் புள்ளைக்கு எதாச்சும் சந்தேகம் வந்தா கேக்கட்டுமுங்க" என்றார். ஆத்திரத்தில் இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள்.

பிறகு ஒரு வருடம் அவர் வேலை தேடினார். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவருடைய அக்கா பிள்ளை வயது. கடைசியில் தாராபுரத்தில் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் தவறாமல் எனக்குப் போன் செய்வார். "நல்லா இருக்கறீங்களா கோகிலவாணி அம்மணி? பாப்பா காலேஜுக்குப் போகுதுங்களா?" நான் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று மாலதி சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த விழுதின் எரிச்சல்தான்.

தாராபுரத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு கிரேஸ் அக்காவோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை.

"அக்கா, நான் அண்ணன் பேரச் சொல்லி ஆனமலைல மொளகா அரைச்சுப்போட்டனுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மண்ணு இன்னும் காயலீங்க. இத வந்து எங்கிட்டச் சொல்றீங்களே" என்றார்.

எழுந்தேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "உக்காருங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போவீங்களாமா." காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்தக் கல்லுக்கு அவரு பேரு புதுசில்லீங்க. வெள்ளக்காரம்மா ஒண்ணு வந்துச்சில்லீங்க, அது ஆரு பேரச் சொல்றதுன்னு தெரியாம மொளகாய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துதாமா. எந்திரிக்கவும் இல்லியாமா. இவரு போயி, 'எம்பேரச் சொல்லிக்கோங்கம்மா, உங்க நாக்காலிக்கு வர்றவன் நாந்தான்'னு சொல்லிப்போட்டாரு. ஊட்டுக்கு வந்து சொன்னப்ப நான் புடிபுடின்னு புடிச்சனுங்க. ரெண்டு கொழந்தைகள வெச்சுக்கிட்டு ஆராச்சும் பேரக் குடுப்பாங்களா? 'யாரு பேராச்சும் ஒண்ணு வேணுமில்ல கிரேசு, அந்தம்மா வெறுங்கையோட ஊருக்குப் போவோணுமா'ன்னாரு."

"அந்தம்மா சொல்லுச்சுங்களா?"

"என்னமோ சொல்லுச்சாமா. என்னன்னு அவருக்கும் கேக்கல." என் காப்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "அது உங்க சாமி, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா எரியறத அப்படியே உட்டுப்போடாதீங்க. போயி ரெண்டு பேருத்துக்கும் சேத்து எண்ணெய் ஊத்திப்போட்டு வாங்க."

இங்கேதான் நான் சிக்கிக்கொண்டேன். கேட்டது நடந்த பிறகுதான் திரும்பி வந்து எண்ணெய்க் காப்புச் செய்து குளிர்விப்பது வழக்கம். நான் எண்ணெயோடு போனால், அவர் செத்ததுதான் நான் கேட்டது என்று ஒப்புக்கொண்டது போல ஆகும். போகாமல் இருந்தால் கல்லில் அவர் பெயர் எரிந்துகொண்டே இருக்கும். பத்து நாள் யோசித்தேன். அதற்குள் மரிசெல் ஒரு செய்தி அனுப்பினாள். கேக் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவர்களுடைய வேலையும் போகிறதாம். இந்த முறை கற்றுக்கொள்ள ஆட்கள் யாரும் வரவில்லை, குறிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிவிட்டார்களாம், இனி அதுவே பேசுமாம். நீல நோட்டை மட்டும் ஏற்றவில்லை, அது அண்ணன் தனக்குக் கொடுத்தது என்று எழுதியிருந்தாள். முதல் பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தாள். ஜூடித்தின் மருந்து பூசிய விரல் பட்ட கறை ஓரத்தில் அப்படியே இருந்தது. கோபத்தில் நான் அந்த நோட்டுக்கு ஒரு பிரதி கூட எடுத்து வைக்கவில்லை. அதில் ஒரு பக்கம் மணிலாவிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. அவள் ஏற்றாமல் வைத்தது சரியா, அண்ணன் இருந்திருந்தால் ஏற்றச் சொல்லியிருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போனேன். எண்ணெய் விற்கிற அம்மாள் வழக்கம்போல், "கேட்டது நடந்துருச்சுங்களா?" என்றார்.

"தெரியலீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பாட்டிலை நீட்டினார். "தெரியாட்டியும் ஊத்தலாமுங்க."

ஜூடித்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொண்டேன். இரண்டையும் கல்லில் ஊற்றிவிட்டு நின்று அழுதேன்.

ஆசீர்வாதம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்பீர்கள். அந்த முதல் கேள்வி. இப்போது கவுண்டரில் யார் வந்தாலும், பேஷன்ட் நம்பரைக் கேட்பதற்கு முன்னால், "எங்கீங்க தங்கியிருக்கறீங்க?" என்று கேட்கிறேன். வராந்தாவில், பஸ் ஸ்டாண்டில், சொந்தக்காரர் வீட்டில் என்று சொல்கிறார்கள். வரிசை நீண்டுவிடுகிறது, சூப்பர்வைசர் முறைக்கிறார். நேற்று கொடுமுடியிலிருந்து வந்த ஒருவர், அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யக் காலையிலிருந்து காத்திருந்தார். இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. அது எந்த ஊரில் யார் மேசையில் கிடக்கிறது, மேசை என்று ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. அவர் கவுண்டரைத் தட்டினார், கத்தினார். "ஆருமேல கம்ப்ளெயின்ட் குடுக்கறது, பேரச் சொல்லுங்க" என்றார்.

"கோகிலவாணிங்க" என்றேன். எழுதிக்கொள்ள வசதியாக இன்னொரு முறையும் சொன்னேன்.